உயரத்தைக் கழித்தால் மிச்சம் என்ன?

(கூடைப்பந்துப் பயிற்சியாளர்களும் கல்லூரி உடற்கல்வி ஆசிரியர்களும் கூடிய புனே அவையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

கல்லூரி அணியில் சென்டராக ஆடும் ஏழடிப் பையன் ஒருவன் நாளைக்குத் தொழில்முறைக் கூடைப்பந்தில் நிலைப்பானா, மாட்டானா என்பதை இன்றைக்கே எப்படிக் கணிப்பது? இதுதான் நான் எடுத்துக்கொண்ட கேள்வி. இந்த ஊருக்கு இது அந்நியமான கேள்வி அல்ல. 2019 ஜனவரியில் கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுகள் நம் பாலேவாடி வளாகத்தில் நடந்தபோது 17 வயதுக்கும் 21 வயதுக்கும் உட்பட்ட கூடைப்பந்து அணிகள் வந்து இறங்கின. அப்படிப்பட்ட இடங்களில் தேர்வாளர்களின் கண் முதலில் போவது வரிசையிலேயே நெட்டையாக நிற்கிறவன் மீதுதான். கூடை பத்தடி உயரத்தில் தொங்குகிற ஆட்டத்தில் அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்தப் பையன் கல்லூரி ஆட்டங்களில் குவித்து வைத்திருக்கும் புள்ளிகளையும் ரீபவுண்டுகளையும் அப்படியே அவன் சொத்தாக எழுதிக்கொள்வதைக் குறை சொல்லலாம். அவற்றில் பெரும்பங்கு அவனுக்கும் அவனை எதிர்த்து நிற்பவனுக்கும் இடையே உள்ள உயர வித்தியாசம் ஈட்டியது. எதிரில் நிற்பவன் குட்டையாக இருக்கும் வரைதான் அந்த வித்தியாசம் இருக்கும். தொழில்முறை ஆட்டத்தில் எதிரே நிற்பவனும் ஏழடி. ஆகவே ஒரு உயர்ந்த ஆட்டக்காரரை எடைபோட வேண்டுமானால் முதலில் அந்த வித்தியாசத்தைக் கழிக்க வேண்டும். கழித்த பிறகு கையில் என்ன நிற்கிறது என்று பார்க்க வேண்டும். நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். இதற்கு என்ன ஆதாரம், இதை மறுப்பவர்கள் என்ன சொல்வார்கள் என்பதே மீதி உரை.

இந்தியாவில் இந்தப் பேச்சை எடுத்தாலே முதலில் வரும் பெயர் சத்னம் சிங் பமாரா. பஞ்சாபின் பர்னாலா மாவட்டத்துப் பல்லோ கே கிராமத்து விவசாயக் குடும்பத்துப் பிள்ளை; தந்தையும் ஏழடியைத் தாண்டியவர். லூதியானா கூடைப்பந்து அகாடமியில் சங்கரன் சுப்ரமணியன் என்ற பயிற்சியாளரிடம் ஆட்டம் படித்தார். 2010-இல், 14 வயதில், உதவித்தொகையோடு அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் உள்ள ஐஎம்ஜி அகாடமிக்குப் போனார். 2015 ஜூன் 25 அன்று, அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்பிஏவின் அணிகள் புதிய ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் டாலஸ் மாவெரிக்ஸ் அணி அவரை 52-வது ஆளாகத் தேர்ந்தெடுத்தது. அப்படித் தேர்வான முதல் இந்தியர் அவர்தான். நம் பத்திரிகைகள் கொண்டாடின, படமும் எடுத்தார்கள். ஆனால் இரண்டாம் சுற்றின் கடைசிப் பகுதியில் ஒரு ஆளை எடுப்பது அணிக்குப் பெரிய செலவு இல்லை என்பதை அன்று யாரும் உரக்கச் சொல்லவில்லை. டாலஸின் துணை அணியான டெக்சாஸ் லெஜண்ட்ஸில் அவருக்குக் கிடைத்தவை சொற்ப நிமிடங்கள். என்பிஏ பருவ ஆட்டம் ஒன்றில்கூட அவர் இறங்கவில்லை. பிறகு இந்தியாவின் யூபிஏ லீக், கனடா லீக் என்று ஆடிவிட்டு, 2021-இல் தொழில்முறை மல்யுத்த மேடைக்குப் போய்விட்டார். அவர் தோற்றார் என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. 2.18 மீட்டர் உயரமும், அந்த உடம்புக்கு வியப்பான மென்மையான கையும், நல்ல வீச்சும் அவரிடம் இருந்தன. காலின் வேகத்தில்தான் ஐயம் இருந்தது. அந்த ஐயத்தைத் தீர்த்துக்கொள்ள ஒரே வழி, அவர் வயதும் அவர் உயரமும் உள்ளவர்களோடு மூன்று நான்கு ஆண்டுகள் கல்லூரியில் ஆடவிட்டுப் பார்ப்பது. அவர் கல்லூரிக்குப் போகவில்லை. பள்ளி அகாடமியிலிருந்து நேராக டிராஃப்டுக்கு வந்தார். சரியான தேர்வு வைக்காமலே மதிப்பெண் போட்டுவிட்டார்கள் என்பதுதான் என் தீர்ப்பு.

கல்லூரிக்குப் போனவர் கதை வேறு. கனடாவின் டொரண்டோவில் பஞ்சாபிப் பெற்றோருக்குப் பிறந்த சிம் புல்லர் 2.26 மீட்டர், அதாவது ஏழடி ஐந்து அங்குலம். நியூ மெக்சிகோ ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்காக ஆடி, 2013, 2014 இரண்டு ஆண்டுகளிலும் தம் பல்கலைக்கழகம் சேர்ந்திருந்த கான்ஃபரன்ஸ் போட்டியின் சிறந்த ஆட்டக்காரர் விருதை வாங்கினார். வெறும் பட்டியலைப் பார்த்தால் இதைவிட என்ன வேண்டும்? ஆனால் அந்தக் கான்ஃபரன்ஸ் சிறிய பல்கலைக்கழகங்களின் வட்டம். அங்கே அவருக்கு இணையான உயரம் எதிரணியில் கிடையாது. தேசியப் போட்டிக்கு வந்தால் இரண்டு ஆண்டும் அவர் அணி முதல் ஆட்டத்திலேயே வெளியேறியது. 2013-இல் செயின்ட் லூயிஸ் அணியிடம் 64-44 என்ற கணக்கில். 2014 டிராஃப்டில் அவரை ஒருவரும் எடுக்கவில்லை. மும்பையில் பிறந்த விவேக் ரணதிவே அப்போது சேக்ரமென்டோ கிங்ஸ் அணியின் உரிமையாளர். அந்த அணி 2015 ஏப்ரலில் புல்லருக்குப் பத்து நாள் ஒப்பந்தம் தந்தது. மூன்று ஆட்டங்களில் சில நிமிடங்கள் இறங்கி, என்பிஏவில் ஆடிய முதல் இந்திய வம்சாவளியினர் என்ற பெயரைப் பெற்றார். நம்மவர் மேல் நமக்குப் பாசம் இருக்கலாம். அதற்காக மூன்று ஆட்டத்தை ஒரு தொழில் வாழ்க்கையாக எண்ணிக்கொள்ள முடியாது. பின்னாளில் தைவானில் அவர் நன்றாகவே ஆடினார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அந்த விஷயத்துக்குப் பிறகு வருகிறேன்.

கல்லூரியில் மலையாய் நின்றவர் தொழில்முறையில் ஏன் கரைகிறார்? உடம்பு அதேதான், மாறுவது களம். அமெரிக்கக் கல்லூரி ஆட்டத்தில் கூடைக்குக் கீழுள்ள கட்டம் 12 அடி அகலம். என்பிஏவில் 16 அடி. அந்த நான்கு அடி, பக்கத்துக்கு இரண்டடியாக, கூடைக்கு முதுகு காட்டி நின்று பந்து வாங்குகிற சென்டரை வெளியே தள்ளிவிடுகிறது. கல்லூரியில் ஒரு தாக்குதலுக்கு 30 நொடி, என்பிஏவில் 24. அந்த ஆறு நொடி போனால், கனத்த உடம்பு ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஓடி வந்து இடம் பிடிப்பதற்குள் பந்து வீசப்பட்டிருக்கும். மூன்று புள்ளிக் கோடு கல்லூரியில் ஏறத்தாழ 6.75 மீட்டர், என்பிஏவில் 7.24 மீட்டர். கோடு தள்ளிப்போகப் போக, தற்காப்புச் சென்டர் காக்க வேண்டிய பரப்பும் விரிகிறது. எல்லாவற்றையும்விட முக்கியமான விதி ஒன்று உண்டு. யாரையும் காவல் காக்காமல் கூடைக்கடியில் மூன்று நொடிக்கு மேல் தற்காப்பு ஆட்டக்காரர் நிற்கக் கூடாது என்று என்பிஏ 2001-02 பருவத்தில் விதி கொண்டுவந்தது. கல்லூரி ஆட்டத்தில் இந்த விதி இல்லை. நம் பல்கலைக்கழகங்கள் பின்பற்றுகிற, உலகக் கூடைப்பந்துக் கூட்டமைப்பான ஃபீபாவின் விதிகளிலும் இல்லை. அதாவது நம் பையன் கூடைக்கடியிலேயே நட்டுவைத்த மாதிரி நின்று, வருகிற பந்தையெல்லாம் தட்டிவிடலாம். ஒரு ஆட்டத்துக்கு ஐந்து பிளாக் என்று கணக்குப் புத்தகம் சொல்லும். அவன் நடக்கத் தெரிந்தவனா என்பதை அந்தப் புத்தகம் சொல்லாது.

இதற்கு மேல் பிக் அண்ட் ரோல் என்ற சோதனை இருக்கிறது. எதிரணியின் கார்ட் பந்தோடு வருகிறார். அவருடைய சென்டர் குறுக்கே சுவர்போல நின்று மறைப்புக் கொடுக்கிறார். நம் சென்டர் அந்த அரை நொடியில் ஒரு முடிவு எடுக்க வேண்டும். பின்வாங்கிக் கூடையைக் காப்பதா, முன்னேறிக் கார்டை மறிப்பதா, ஆளை மாற்றிக்கொண்டு அந்தக் குள்ளமான, மின்னல் வேகக் கார்டையே துரத்துவதா? கல்லூரிக் கார்டுகள் பலர் ஓடிக்கொண்டே தூரத்திலிருந்து வீசுவதில் தேர்ந்தவர்கள் அல்ல. ஆகவே பின்வாங்கினாலே போதும், தப்பு வெளியே தெரியாது. தொழில்முறைக் கார்டுக்கு இரண்டடி இடம் கிடைத்தால் மூன்று புள்ளி. ஒரே இரவில் இருபது, முப்பது முறை இதையே செய்து சென்டரை வெளியே இழுப்பார்கள். அவர் தடுமாறுகிறார் என்று தெரிந்தால் அவர் இருக்கும் நேரம் முழுக்க அவரையே குறிவைப்பார்கள். கடைசியில் அவர் பெஞ்சில் உட்காருவார். கனெக்டிகட் பல்கலைக்கழகத்தின் ஹஷீம் தபீட், தான்சானியாக்காரர், 2.21 மீட்டர், கடைசிக் கல்லூரிப் பருவத்தில் ஆட்டத்துக்கு நான்கு பிளாக்குகளுக்கு மேல் சராசரி வைத்திருந்தார். 2009 டிராஃப்டில் இரண்டாவது ஆளாக எடுக்கப்பட்டார். ஜேம்ஸ் ஹார்டன் மூன்றாவது, ஸ்டீஃபன் கரி ஏழாவது. முதல் பருவம் முடிவதற்குள் தபீட்டைத் துணை லீக்குக்கு அனுப்பிவிட்டார்கள். கல்லூரியில் தட்டிய அத்தனை பந்துகளும் உண்மையான பந்துகள்தான். அவற்றை எண்ணியவர்கள் தட்டியவரின் காலைப் பார்க்கவில்லை.

சரி, கழித்த பிறகு மிஞ்சக் கூடியவை எவை? நான் முதலில் பார்ப்பது ஃப்ரீ த்ரோவை. அங்கே யாரும் மறிப்பதில்லை. உயரத்துக்கு அங்கே அநேகமாக மதிப்பே இல்லை. கையும் மனமும் மட்டும். ப்ரூக் லோபஸ் இதற்கு நல்ல சான்று. ஏழடி ஆள், 2008-இல் பத்தாவது ஆளாகத் தேர்வானவர். முதல் எட்டுப் பருவங்களில் சேர்த்து அவர் போட்ட மூன்று புள்ளி வீச்சுகள் மொத்தம் மூன்றே மூன்று. 2016-17 என்ற ஒரே பருவத்தில் 134 போட்டார். திடீரென்று வரம் கிடைக்கவில்லை. அவருடைய ஃப்ரீ த்ரோ விகிதம் ஆரம்பத்திலிருந்தே ஒரு சென்டருக்கு மிக நல்ல விகிதம். அந்தக் கை எங்கே போக முடியும் என்பதை அது முன்கூட்டியே காட்டிக்கொண்டிருந்தது. அடுத்தது, இரண்டு பேர் சேர்ந்து நெருக்கும்போது பந்தை எங்கே அனுப்புகிறான் என்பது. 2014-இல் 41-வது ஆளாக எடுக்கப்பட்ட நிகோலா யோகிச் மூன்று முறை என்பிஏவின் மிக மதிப்புமிக்க ஆட்டக்காரர் ஆனார். அவரிடம் துள்ளல் கிடையாது. கண்ணும் கையும் அபாரம். பிறகு ஃபவுல். காலை நகர்த்தத் தெரியாதவன்தான் கையை நீட்டுவான். அடிக்கடி ஐந்து ஃபவுலோடு வெளியேறுகிறவனைப் பற்றி வேறு விசாரணை தேவையில்லை. ரீபவுண்டைப் பற்றி மட்டும் எனக்குச் சற்று இரண்டு மனம். அது மற்றவற்றைவிட நன்றாகவே மேல்தளத்துக்கு ஏறும் என்று ஆட்டத்தைக் கணக்கிடுகிறவர்கள் சொல்வது சரிதான். ஆனால் அது தனியாக ஒருவரைத் தூக்கி நிறுத்துவதில்லை. 2022-இல் அமெரிக்காவின் சிறந்த கல்லூரி ஆட்டக்காரராகத் தேர்வான ஆஸ்கர் ஷிப்வே ஆட்டத்துக்கு 15 ரீபவுண்ட் எடுத்தவர். 2023 டிராஃப்டில் அறுபதுக்கும் குறைவான பெயர்களில் அவர் பெயர் வரவில்லை. 2021-இன் சிறந்த கல்லூரி ஆட்டக்காரர் லூகா கார்ஸாவும் சென்டர்தான். அவரை எடுத்தது 52-வது இடத்தில், நம் சத்னமின் அதே எண்ணில்.

இங்கே ஒருவர் எழுந்து, “ஸாக் ஈடியை மறந்துவிட்டீர்களா?” என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பர்டியூ பல்கலைக்கழகத்தின் ஈடி 2.24 மீட்டர், 2023, 2024 இரண்டு ஆண்டும் சிறந்த கல்லூரி ஆட்டக்காரர், பழைய பாணியில் கூடைக்கு முதுகு காட்டி ஆடுகிறவர். இவரால் இன்றைய என்பிஏவில் காலம் தள்ள முடியாது என்று பலர் எழுதினார்கள். மெம்ஃபிஸ் அணி 2024-இல் ஒன்பதாவது ஆளாக எடுத்தது. முதல் பருவத்திலேயே சிறந்த புதுமுகங்களின் முதல் ஐவரில் ஒருவரானார். உயரம் மட்டும் போதும் என்பதற்கு இது சாட்சி இல்லையா? இல்லை என்றுதான் நினைக்கிறேன். என் கழித்தல் கணக்கை ஈடிக்குப் போட்டுப் பாருங்கள். 2024 தேசிய இறுதியாட்டத்தில் கனெக்டிகட் அணியில் அவருக்கு எதிரே நின்றவர் டோனவன் க்ளிங்கன், ஏழடி இரண்டு அங்குலம். அதே ஆண்டு ஈடிக்கு முன்னால், ஏழாவதாக எடுக்கப்பட்டவர். உயர வித்தியாசம் ஏறத்தாழ இல்லாத அந்த இரவில் ஈடி 37 புள்ளி எடுத்தார். கணக்கு நேர்மையாக இருக்க வேண்டுமானால் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ஈடி எடுத்தால் எடுக்கட்டும், மற்றவர்களின் மூன்று புள்ளி வீச்சை அடைப்போம் என்பது கனெக்டிகட்டின் திட்டம், அது பலித்தது, 75-60 என்று பர்டியூ தோற்றது. ஆகவே அந்த 37-ஐ முழுவிலைக்கு வாங்க வேண்டாம். ஆனாலும் அவ்வளவு பெரிய உடம்பைத் தூக்கிக்கொண்டு ஆட்டம் முழுக்க ஓடும் மூச்சும், பந்தைப் பிடித்தால் நழுவவிடாத கையும், நான்கு ஆண்டு படிப்படியான முன்னேற்றமும் அவரிடம் இருந்தன. இவை எல்லாம் கழித்த பிறகும் நிற்பவை. ஈடி என் வாதத்தை மறுக்கவில்லை. அவரைப் பற்றிச் சந்தேகப்பட்டவர்கள்தான் கழிக்க வேண்டியதற்கு மேல் கழித்துவிட்டார்கள்.

இன்னொரு மறுப்பு இதைவிடக் கனமானது. உயர்ந்த ஆட்டக்காரர்கள் தாமதமாக ஆட வருகிறவர்கள், தாமதமாகப் பழுக்கிறவர்கள். இன்று இருப்பதை வைத்து நாளையை அளந்தால் நல்ல விதையைத் தூக்கி எறிந்துவிடுவோம் என்பார்கள். ஹக்கீம் ஒலாஜுவானைக் காட்டுவார்கள். நைஜீரியாவின் லாகோஸில் பதின்ம வயதின் நடுவில்தான் கூடைப்பந்தைத் தொட்டவர். 1984 டிராஃப்டின் முதல் ஆள். வரலாற்றின் மிகச் சிறந்த சென்டர்களில் ஒருவர். உண்மை. ஆனால் தபீட்டும் பதினைந்து வயதை ஒட்டித்தான் ஆட வந்தார். இருவரும் தாமதம், ஒருவர் எட்டாத உயரத்துக்குப் போனார், மற்றவர் போகவில்லை. ஆகவே தாமதம் என்பதே வாக்குறுதி ஆகிவிடாது. ஒலாஜுவான் அதற்கு முன் கால்பந்திலும் ஹேண்ட்பாலிலும் கோல்கீப்பராக நின்றவர். பக்கவாட்டில் பாய்வது, பந்து வரும் கோணத்தைக் கண்ணால் கணிப்பது, கையால் பிடிப்பது ஆகியவை கூடைப்பந்துக்கு வருமுன்பே அவர் உடம்பில் ஏறிவிட்டன. தாமதமாக வந்த பையனிடம் நாம் கேட்க வேண்டியது, “இதற்கு முன் என்ன ஆடினாய்?” என்பது. வாலிபால் ஆடினான், கோ-கோ ஆடினான், கபடி ஆடினான் என்றால் நம்பிக்கை வைக்கக் காரணம் இருக்கிறது. ஒன்றும் ஆடவில்லை, உயரத்தைப் பார்த்து அழைத்து வந்தார்கள் என்றால், முதல் இரண்டு ஆண்டுகள் அவனுக்குப் பந்தைவிடக் கால் பயிற்சி அவசியம்.

என்பிஏ என்ன, அதுதான் வானமா என்றும் கேட்பார்கள். இதை நான் முழுதாக ஏற்கிறேன். தொழில்முறை என்பது ஒரே மாடி அல்ல. எந்த மாடியில் எவ்வளவு கழிக்க வேண்டும் என்பதுதான் மாறும். தற்காப்பு மூன்று நொடி விதி இல்லாத ஃபீபா உலகத்தில், தைவானிலும் வேறு ஆசிய லீக்குகளிலும், சிம் புல்லர் போன்றவருக்கு வேலை உண்டு; அதைத்தான் அவர் செய்து காட்டினார். அமிர்தசரஸ் பக்கத்துக் கிராமத்திலிருந்து, கிட்டத்தட்ட இருபது வயதில் ஆட்டத்துக்கு வந்த அம்ரித்பால் சிங் 2.11 மீட்டர். சத்னமுக்கு அடித்த வெளிச்சத்தில் பத்தில் ஒரு பங்குகூட இவர்மேல் விழவில்லை. 2017-இல் சிட்னி கிங்ஸ் அணி ஒப்பந்தம் கொடுக்க, ஆஸ்திரேலிய தேசிய லீக்கில் ஆடிய முதல் இந்தியர் ஆனார். 2014 ஜூலையில் வுஹானில் இந்தியா 65-58 என்று சீனாவைத் தோற்கடித்த அந்த ஃபீபா ஆசியக் கோப்பை போன்ற ஆட்டங்களில்தான் இவர்களை எடைபோட்டிருக்க வேண்டும். அங்கே சீனர்களின் உயரம் வித்தியாசத்தைத் தானாகவே கழித்துவிடும். பெண்கள் பக்கத்திலும் இதே பாடம். கேரளத்துக் கீது அன்னா ஜோஸ், தெற்கு ரயில்வேக்கு ஆடியவர், ஆறடி இரண்டு அங்குலம்; நம் நாட்டுப் போட்டிகளில் அவரை நிறுத்த ஆளில்லை. 2011-இல் அமெரிக்காவின் டபிள்யூஎன்பிஏ அணிகள் மூன்று அவரைச் சோதனைக்கு அழைத்தன. இங்கே சென்டரான அந்த உயரம் அங்கே ஃபார்வர்டின் உயரம். அவ்வளவு ஆண்டு கூடைக்கடியில் அரசியாக இருந்தவர், வெளியிலிருந்து வீசி, வெளியில் காவல் காக்க வேண்டிய இடத்துக்குப் போய் நின்றார். ஒப்பந்தம் கிடைக்கவில்லை. இளமையிலேயே அவரைக் கோட்டுக்கு வெளியேயும் ஆடவைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்பது அவர்மேல் குறை சொல்வதாகாது. கூடைக்கடியிலேயே நிற்கவைத்து ஜெயித்துக்கொண்டிருந்த நம்மேல் சொல்வது.

இந்த அவையில் உட்கார்ந்திருக்கும் பயிற்சியாளர்களுக்கு இது எளிதான யோசனை அல்ல என்று எனக்குத் தெரியும். பல்கலைக்கழகப் போட்டியில் ஜெயிக்க வேண்டும். ஜெயித்தால்தான் பையனுக்கு ரயில்வேயிலோ, ஓஎன்ஜிசியிலோ, இந்தியன் ஓவர்சீஸ் வங்கியிலோ விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை. ஏழடிப் பையனைக் கூடைக்கடியில் நிறுத்தினால் இன்றே வெற்றி. வெளியே கொண்டுபோய்க் கார்டைக் காக்கச் சொன்னால் இன்று தோல்விகூட வரலாம். வேலைக்கு எடுக்கிற நிறுவனங்களும் உயரத்தையும் பதக்கத்தையும் பார்த்தே எடுக்கின்றன. ஆனாலும் இருபது புள்ளி முன்னிலையில் இருக்கிற ஆட்டத்தின் கடைசிக் கால் பகுதியைப் பையனின் எதிர்காலத்துக்குக் கொடுக்க எந்த விதியும் தடுக்கவில்லை. அந்தப் பத்து நிமிடம் அவன் ஆளை மாற்றிக்கொண்டு கார்டைத் துரத்தட்டும், கூடைக்கு எதிரே கட்டத்தின் மேல்முனையில் நின்று பந்தைப் பங்கிடட்டும், தவறு செய்யட்டும்.

உங்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஸ்கோர் ஷீட் எழுதுகிறீர்கள். சென்டரின் பெயருக்கு எதிரே புள்ளி, ரீபவுண்ட், பிளாக் மூன்றையும் எழுதிய பிறகு, அன்றைக்கு அவனைக் காத்தவனின் உயரம் என்ன என்பதை இன்னொரு பத்தியில் குறித்து வையுங்கள். ஃப்ரீ த்ரோவையும், எத்தனை முறை வெளியே இழுக்கப்பட்டான், அதில் எத்தனை முறை கூடை விழுந்தது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு பருவம் முழுக்க இதைச் செய்ய ஒரு மாணவரும் ஒரு நோட்டும் போதும். நாளைக்கு ஒரு தேர்வாளர் இந்த ஊருக்கு வந்து உங்கள் பையனைப் பற்றிக் கேட்டால், அவன் எத்தனை அடி என்று சொல்வதற்கு முன் அந்த நோட்டை எடுத்துக் கொடுங்கள்.